வாரா சரளா கா?

வானவடி, புனே
3 ஆகஸ்ட் 2024

சரளாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். வேதநாயகி. கையெழுத்தைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்திருப்பாய். போனில் கூப்பிடலாமே என்று சுப்ரஜா கேட்டாள். போன் என்றால் உன் சிரிப்பு கேட்கும். அதைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. "தாளில் எழுதித் தாரேன், போட்டோ புடிச்சு உன் சித்திக்கு அனுப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் தமிழை எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

விஷயம் இதுதான். பெருங்குடலில் வலது பக்கம் ஒரு கட்டி. துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் அப்படி மாறுகிற ஜாதியாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டுமாம். வயிற்றைக் கிழிக்கமாட்டார்கள். சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வார்கள். கோந்த்வாவில் ஒரு ஆஸ்பத்திரி, டாக்டர் பெயர் ராகவேந்திரா, பெங்களூர்க்காரர், கொஞ்சம் தமிழ் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறது.

நேற்று மயக்க டாக்டர் வந்து, வலிக்கு என்ன வைத்துக்கொள்ளலாம் என்று என்னையே கேட்டார். முதுகில் குழாயா, வயிற்றில் மரத்துப்போகிற ஊசியா, வலித்தால் நாமே அமுக்கிக்கொள்கிற பட்டனா. கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்கிற மாதிரி கேட்டால் நான் என்ன சொல்வது? உன் அத்தான் ராஜாவுக்கு இராணுவக் கணக்கு ஆபீஸ் தவிர வேறு எதுவும் தெரியாது. நீ பாளையங்கோட்டையில் ஆயுசு பூராவும் ஆபரேஷன் வார்டில் நின்றவள். நர்ஸ் என்கிற முறையில் கேட்கிறேன். தங்கை என்கிற முறையில் இல்லை.

நீ இங்கே வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அப்படி எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

வேதநாயகி


பாளையங்கோட்டை
5 ஆகஸ்ட் 2024

வேதநாயகி அம்மாள் அவர்களுக்கு,

நர்ஸ் என்கிற முறையில் கேட்டதால் நர்ஸ் முதலில் பதில் சொல்கிறாள். நோயாளி குறுக்கே பேசாமல் படிக்கவும்.

முதுகில் குழாய் வலியை நன்றாக அடக்கும். ஆனால் பிரஷர் இறங்கும், கால் தளரும், துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. வயிற்றுச் சுவரில் மரத்துப்போக ஊசி போடுகிறோம் என்றால் தலையை ஆட்டு. அதோடு பாரசிட்டமால் டிரிப் வேளை தவறாமல் ஏறட்டும், பாதி வலி தலைதூக்காது. மிச்சத்துக்குத்தான் அந்தப் பட்டன். அதில் ஓடுவது மார்ஃபின் சாதி மருந்து. கேட்ட மாத்திரத்தில் வலியை அடக்கும், ஆனால் உன்னைத் தூங்கவைக்கிற கையோடு குடலையும் தூங்கவைத்துவிடும். குடலைத் தொட்டு வெட்டித் தைத்தால் அது ஏற்கெனவே கோபித்துக்கொண்டு படுத்திருக்கும். அதன் மேல் மருந்தும் சேர்ந்தால் வயிறு ஊதும், வாந்தி வரும், வீட்டுக்குப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போகும்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. உன்னை எனக்குத் தெரியும். சுப்ரஜா பிறந்தபோது லேபர் வார்டில் சத்தமே போடவில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறவள் நீ. வலியை விழுங்குகிறவள் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டாள், எழுந்து நடக்கமாட்டாள். நடந்தால்தான் குடல் எழும்பும். தோள்பட்டை வலித்தால் பதறாதே. வயிற்றை உப்பவைக்க உள்ளே அடைத்த வாயுவின் மிச்சம் செய்கிற வேலை அது, தானாகப் போய்விடும்.

இன்னொன்று. காற்று பிரிந்ததா என்று தினமும் கேட்பார்கள். குடல் விழித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்.

நர்ஸ் போய்விட்டாள். இனி தங்கை.

சுப்ரஜா கல்யாணம் முடிந்து இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அன்றைக்கு நம் ஊரில் வைத்த பந்தியில் உன் சம்பந்தி ஸ்டெல்லா என்னிடம், "பொண்ணோட அம்மா ரொம்பக் கண்டிப்போ?" என்று பயந்துபோய்க் கேட்டார். பயம் தெளியட்டும் என்றுதான் அந்தக் கதையைச் சொன்னேன். பெரிய வெள்ளி ஆராதனை, மௌன ஜெபம், ஊசி விழுந்தால் கேட்கும். பதினாலு வயசு வேதநாயகிக்குக் காற்று பிரிந்தது, ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாஸ்டர் ஐயா திடுக்கிட்டு "ஆமென்" என்றார். ஸ்டெல்லா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றாய்.

கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போனவள் நான் ஒருத்திதான். தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணம் அது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து புரோட்டா தின்றேன்.

இப்போது லீவு கேட்டால் எனக்குக் கிடைக்கும். ஆனால் மிதிக்காதே என்று நீ சொன்ன வாசலை நீதான் திறக்க வேண்டும். "வா" என்று ஓர் எழுத்து எழுது. ஒரே எழுத்து. அன்றைக்கே கிளம்புகிறேன்.

சரளா


வானவடி
8 ஆகஸ்ட் 2024

சரளாவுக்கு,

நாளைக் காலையில் ஆபரேஷன். பையில் சேலை, சீப்பு, வேதப்புத்தகம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மருந்து விஷயம் நீ எழுதியபடியே டாக்டரிடம் சொன்னேன். "உங்க தங்கச்சி ஒழுங்கா சொல்லியிருக்காங்க" என்றார். நான் யார் சொன்னது என்று சொல்லவே இல்லை. உன் ராஜா அத்தான் சொல்லியிருப்பார். மனுஷன் லிஃப்டில் யாராவது கூட நின்றால் குடும்பக் கதையை நாலு மாடிக்குள் சொல்லி முடித்துவிடுவார்.

நீ பந்தியில் சொன்னது ஒரு கதை, அவ்வளவுதான் என்று நினைக்கிறாய். அந்த ஆமெனுக்கு அப்புறம் ஒரு வருஷம் பூராவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஆமென் என்பார்கள். நான் சத்தமே போடாத மனுஷியாக ஆனது அப்போதிருந்துதான். ஊர் மறந்து, கல்யாணமாகி, உன் அத்தானோடு ஜபல்பூர் போய், மகளைக் கட்டிக்கொடுக்கிற நாளில், அதுவும் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், கூடப் பிறந்தவளே அதை எடுத்துப் பரிமாறினால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ கை நனைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த ஓர் எழுத்து என் பேனாவில் வரமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தாளைக் கிழித்துப்போட்டேன்.

பயமாக இருக்கிறது.

வேதநாயகி


பாளையங்கோட்டை
13 ஆகஸ்ட் 2024

அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வெள்ளிக்கிழமை சுப்ரஜா போன் பண்ணினாள். ஸ்தோத்திரம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை மழுப்புகிறது. "அம்மா ஓகே, கொஞ்சம் வாமிட்" என்கிறாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? என்ன நிறம்? வயிறு உப்பியிருக்கா? எழுந்து நடந்தாளா? எதைக் கேட்டாலும், "சித்தி, ஐ டோன்ட் நோ." அத்தானைக் கூப்பிட்டால் அவர் மழையைப் பற்றிப் பேசுகிறார்.

பதினாறாம் படுக்கைக்காரர் காலையிலிருந்து என்னை மூன்று தரம் கேட்டுவிட்டார், சிஸ்டர் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று. ஊரார் வயிற்றையெல்லாம் தொட்டுத் தட்டிப் பார்க்கிற கைக்கு, கூடப் பிறந்தவளின் வயிறு எட்டாமல் கிடக்கிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன் மேல் கொஞ்சம், என் மேல் மிச்சம்.

டாக்டர் சரி என்றால் சூயிங் கம் மெல்லு. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். வாய் மெல்லுவதைப் பார்த்து, சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து எழும்பும். எங்கள் வார்டில் எல்லாருக்கும் கொடுக்கிறோம்.

காற்று பிரிந்ததா இல்லையா, அதை மட்டுமாவது எழுது.

சரளா


கோந்த்வா, ஆஸ்பத்திரி
15 ஆகஸ்ட் 2024

ஏட்டி சரளா,

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். மூக்கில் குழாய் போட்டிருக்கிறது. பதறாதே, முதலில் கதையைக் கேள்.

நீ சொன்ன ஊசியைப் போட்டார்கள். முதல் நாள் வயிறு வலிக்கவே இல்லை. வலது தோளைத்தான் யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். அறுத்தது ஓரிடம், நோவு வேறிடம். மறுநாள் ஊசியின் வேகம் இறங்கியதும் வயிறு விழித்துக்கொண்டது. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றேன். எட்டு இருக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் முனகாமல் கிடக்கிறாள், இந்த வயசில் நான் கத்தினால் நன்றாகவா இருக்கும்? போர்வைக்குள்ளே பட்டனை அமுக்கிக்கொண்டேன். அதற்குச் சத்தம் கிடையாது, கேட்கிறவர்களும் கிடையாது. மிச்சத்துக்குத்தான் பட்டன் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது, ஆனாலும் அமுக்கினேன்.

இங்கே தேஜஸ்வினி என்று ஒரு நர்ஸ். சாத்தாரா பக்கத்துப் பெண், பேச்செல்லாம் மராத்தி, இடையில் கொஞ்சம் இந்தி. தங்கமான பிள்ளை, அத்தை முறை வைத்து என்னைக் காக்கூ என்பாள். காலையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காக்கூ, வாரா சரலா கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் "கா" எனக்குத் தெரியும். தெருவில் கீரைக்காரி கொத்தமல்லி வேணுமா என்பதை "கோத்திம்பிர் பாஹிஜே கா" என்று கேட்பாள், நம் "வேணுமா"வில் வருகிற "ஆ" மாதிரி. நீ ஜபல்பூர் வந்தபோதெல்லாம், ள வராத பக்கத்து வீட்டுக்காரிகள் உன்னை "சரலா தீதி" என்றுதானே கூப்பிடுவார்கள். சரிதான், அத்தான் இங்கேயும் வாயைத் திறந்துவிட்டார், இந்தப் பிள்ளை பாவம் நம் ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து, சரளா வாராளா என்று கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்து மயக்கத்தில் அது எனக்குக் கொஞ்சமும் விநோதமாகப் படவில்லை. "நஹி" என்றேன். அவள் முகம் வாடிப்போனது.

சாயங்காலம் மறுபடியும் வந்தாள். "வாரா சரலா கா?" நஹி. டியூட்டி மாறி வேறொருத்தி வந்தாள், அவளும் அதையே கேட்டாள். நஹி. தரை துடைக்கிற அம்மாள்கூட நின்று கேட்டுவிட்டு "ச்சு ச்சு" கொட்டினாள். என் தங்கை வரமாட்டாள் என்று இந்த ஆஸ்பத்திரியே பரிதாபப்படுகிறதே என்று எனக்கு அவமானம் தாங்கவில்லை. அடுத்த நாள் தேஜஸ்வினி கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் பாஷையிலேயே ஆமாம் போட்டு, "ஹோ, ஹோ. வாரா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கையைத் தட்டினாள். பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். சரளா வருவதில் இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணியில் சூப் வந்தது, மத்தியானம் குழைந்த கிச்சடி வந்தது. உன் பெயரால் வந்த சாப்பாடு, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, தின்றேன். சாயங்காலத்துக்குள் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. பச்சையாக வாந்தி. மூக்கில் குழாய் விட்டார்கள், எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். உள்ளே தையல் விட்டுவிட்டதோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தார்கள். தையல் நன்றாக இருக்கிறது. குடல்தான் அசையவில்லை.

நேற்று டாக்டர் ராகவேந்திரா ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "அம்மா, காத்து போச்சுன்னு சிஸ்டர்கிட்ட நீங்கதானே சொன்னது?"

"நான் எங்க சொன்னேன் டாக்டர்? என் தங்கச்சி சரளா வாராளான்னு இந்தப் பிள்ளை கேட்டுது. வாரான்னு சொன்னேன்."

அவர் தேஜஸ்வினியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவர்களுக்குள் ஏதோ மராத்தியில் பேசிக்கொண்டார்கள். அவள் ஃபைலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் மெதுவாகச் சொன்னார், "அம்மா, மராத்தியில வாரான்னா காத்து. சரலா கான்னா போச்சான்னு அர்த்தம். காத்து பிரிஞ்சுதான்னு கேட்டிருக்கா."

சரளா, நான் சிரித்தேன். தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, தையல் ஒவ்வொன்றும் சுரீர் சுரீர் என்று இழுக்க, மூக்குக் குழாயோடு சிரித்தேன். எந்தக் காற்றுக்காக உன்னை வாசப்படி மிதிக்காதே என்றேனோ, அந்தக் காற்று இந்த ஊரில் உன் பெயரை வைத்துக்கொண்டு வந்து என்னைக் கேட்கிறது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பொய் சொன்னேன் என்பதற்காக இல்லை. நீ வருகிறாய் என்று சொன்ன அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

பட்டன் மிஷினை எடுத்துவிட்டார்கள். பாரசிட்டமால் டிரிப் ஓடுகிறது, வயிற்றில் மறுபடி மரத்துப்போகிற ஊசி. இனிமேல் எட்டு என்றால் எட்டு என்றே சொல்கிறேன். அத்தான் சூயிங் கம் வாங்கி வந்தார், ஊதுகிற ரகம். மென்றுகொண்டே டி.வி.யில் சுதந்திர தினக் கொடியேற்றம் பார்த்தேன். தேஜஸ்வினி என் மேல் கொடி குத்திவிட்டாள்.

வாரா இன்னும் சரளவில்லை.

அக்கா


பாளையங்கோட்டை
16 ஆகஸ்ட் 2024

அக்கா,

வார்டில் நின்றுகொண்டே படித்தேன். சிரித்த சிரிப்பில் டாக்டர் எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் படிக்க முடியாமல் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் சொல்கிறதைக் கேள். குழாயில் வருவதின் அளவு குறைகிறதா என்று பார்க்கச் சொல். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேள், அது குறைந்தாலும் குடல் படுத்துக்கொள்ளும். கட்டிலில் கிடக்காதே. யார் தோளையாவது பிடித்துக்கொண்டு வராந்தாவில் நட. வலித்தால் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு நட. பெரும்பாலும் குடல் தானாக விழித்துவிடும், கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். இதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்லும்போது மட்டும் எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் அப்போது ஆறாங்கிளாஸ், எனக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்தது. அக்காவுக்கு வெட்கம் என்பதே கிடையாது, அக்கா இரும்பு என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதனால்தான் பந்தியில் அதைச் சொல்ல வாய் வந்தது.

அந்த ஓர் எழுத்தை நீ எழுத வேண்டாம். கேட்டது என் வீம்பு.

சரளா


கோந்த்வா, ஆஸ்பத்திரி
18 ஆகஸ்ட் 2024, காலை

சரளா,

நேற்று மத்தியானம் ஸ்டெல்லா பார்க்க வந்தார். கட்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் இளநீர். குடிக்கக் கூடாது என்று தெரிந்ததும் அதைத் தேஜஸ்வினிக்குக் கொடுத்துவிட்டார். "அரே, சம்பந்தி, எழும்புங்க, சக்கர் அடிச்சிட்டு வரலாம்" என்று அவர் ஒரு கை, தேஜஸ்வினி ஒரு கையாக என்னை வராந்தாவில் கூட்டிப்போனார்கள். ஊசி போட்டிருந்ததால் வலி பொறுக்கும்படி இருந்தது. பிரார்த்தனை நேரம் மாதிரி வராந்தா அமைதியாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே வைத்துத்தான் சரளியது.

கொஞ்சநஞ்சம் இல்லை. பெஞ்சு திரும்பிப் பார்த்தது. பதினாலு வயசுப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தேஜஸ்வினி "சரலா, சரலா" என்று குதிக்கிறாள். ஸ்டெல்லா என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப பக்தியாக, "ஆமென்" என்றார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸ்டெல்லா சொன்னார், "அன்னைக்கு உங்க தங்கச்சி அந்தக் கதையச் சொன்னப்பதான் எனக்கு தைரியம் வந்துது. இந்த வீட்ல பொண்ணு எடுத்தது சரிதான், இவங்களும் நம்ம மாதிரி மனுஷங்கதான்னு." இதை இத்தனை நாள் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் அரை டம்ளர் காபி கொடுத்தார்கள். குடலுக்கு நல்லதாம். சிக்கரி நாற்றம், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எழுதுகிறேன். வா. வாசப்படி என்று இங்கே ஒன்றும் கிடையாது, லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடி. தேஜஸ்வினி இன்றைக்கும் வந்து கேட்டாள். இந்தத் தடவை நானே அவளுக்கு நம் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்து, சரியாகக் கேட்க வைத்தேன்: சரளா வாராளா?

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?

அக்கா


ரயில், குண்டக்கல்
18 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் வந்தபோது பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையிலேயே திருநெல்வேலியில் ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சுப்ரஜாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ "வா" என்று எழுதாமல் இருந்திருந்தால் படிக்கு இந்தப் பக்கமே நின்று உன்னை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

ரயில் ஆடுகிறது, எழுத வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் அவள் பாஷையிலேயே சொல்லிவிடு.

வாரா சரளா.

"கா" வேண்டாம்.